திரும்ப அழைக்க ஒரு பெயர்

இதை எழுதத் தொடங்கும் முன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழ் நடத்திவருகிறேன். கணிப்பொறியோடு எனக்குள்ள உறவு வினாத்தாள் தட்டச்சு செய்வதோடும் வருகைப்பதிவை ஏற்றுவதோடும் முடிந்துவிடும். ஆனால் சென்ற ஆண்டு ஓர் இரவில் என் அக்காள் மகள் தன் வேலையைப் பற்றிச் சொன்ன செய்தி ஒன்று, நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவரும் ஒரு பாடத்தை மறுபடி எடுத்துப் புரட்டிப் பார்க்க வைத்தது. அதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன். துறை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவள் எங்கள் வீட்டில் தங்கி, பரனூரை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஒரு நிறுவனத்துக்கு வேலைக்குப் போய்வருகிறாள். அவள் பெயரை எழுதப்போவதில்லை. அகத்திணையில் எவருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. இது அகத்திணை அல்ல. என்றாலும் பெயரைப் பற்றிய கட்டுரையில் அந்த விதிக்கு ஒரு மரியாதை செய்யலாம் என்று தோன்றியது.

மறுநாள் அப்பாவின் நினைவு நாள். விடிந்ததும் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகவேண்டும். அங்கே பழைய வீட்டில் அம்மா படையலுக்கு வேண்டியதையெல்லாம் எடுத்து வைத்திருப்பாள். இரவு ஒரு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்த நான், கூடத்தில் மடிக்கணினியின் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"என்னடி, இன்னும் தூங்கலையா? காலையில ஆறு மணிக்குக் கிளம்பணும்."

"பேரே இல்லாத ஒன்னைத் தேடிக்கிட்டு இருக்கேன் சித்தி. கிடைச்சதும் தூங்கிடுவேன்."

தமிழ் படித்தவளால் இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டுப் போய்ப் படுக்க முடியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

*

அவள் எழுதுவது ஜாவா என்னும் மொழியில். 1995இல் வெளிவந்த இது, பொருள்நோக்கு நிரலாக்க மொழிகள் எனப்படும் வகையைச் சேர்ந்தது. நம் மேல்நிலைப் பள்ளிப் பாடநூல்கள் கிளாஸ் என்பதை இனக்குழு என்றும், ஆப்ஜெக்ட் என்பதைப் பொருள் என்றும், ஃபங்ஷன் என்பதைச் செயற்கூறு என்றும் தமிழாக்கியிருக்கின்றன. ஜாவாவில் செயற்கூறு தனியே வெளியில் நடமாட முடியாது. ஏதேனும் ஓர் இனக்குழுவின் கூரைக்கடியில்தான் அது குடியிருக்க வேண்டும். செயலை மட்டும் கையில் எடுத்து, 'நேரம் வரும்போது இதைச் செய்' என்று இன்னொருவரிடம் கொடுத்தனுப்ப நெடுங்காலம் நேர்வழி இருக்கவில்லை.

அவள் சொன்ன எடுத்துக்காட்டு இது. திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் வணக்கம் என்னும் சொல் தோன்ற வேண்டும். பொத்தானிடம் நாம் சொல்ல வேண்டியது இரண்டே சொற்கள்தாம்: வணக்கம் சொல். பழைய ஜாவாவில் இதற்காக ஓர் இனக்குழுவைப் படைத்து, அதற்கு ஒரு பெயர் வைத்து, அதற்குள் ஒரு செயற்கூறு எழுதி, அந்த இனக்குழுவிலிருந்து ஒரு பொருளை உண்டாக்கி, அதைப் பொத்தானிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. 1997இல் வந்த 1.1 பதிப்பு ஒரு சலுகை தந்தது. இனக்குழுவுக்குப் பெயரே வைக்காமல், தேவைப்படும் இடத்திலேயே அதை எழுதிக்கொள்ளலாம் என்றது. பெயர் போயிற்று, சடங்குகள் போகவில்லை. 'புதிதாக ஒன்றைப் படை' என்னும் அறிவிப்பும், உள்ளே இருக்கும் செயற்கூற்றின் முழு முகவரியும், திறக்கும் அடைப்பும் மூடும் அடைப்பும் அப்படியே இருந்தன. ஐந்து வரிகளில் நான்கு வாசலுக்கே செலவாகிவிடும். வீடு ஒரு வரி.

அதை அவள் திரையில் காட்டியபோது என்னை அறியாமல், "இது வினையாலணையும் பெயர்டி" என்றேன்.

வந்தவன், பாடியவள், உழுபவர். இவர்களுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கக்கூடும். வாக்கியத்துக்கு அது வேண்டியதில்லை. அவர்கள் செய்த ஒரு செயலே அந்த நேரத்துக்குப் பெயராகிவிடுகிறது. பெயரில்லாத இனக்குழுவும் அப்படித்தான். 'பொத்தான் அழுத்தப்பட்டால் வணக்கம் சொல்பவர்' என்று ஓர் ஆளைப் பொத்தான் அருகில் நிறுத்திவைக்கிறார்கள். அந்த ஆளுக்கு வேறு வரலாறு கிடையாது.

"சரிதான் சித்தி. அந்த ஆளே வேணாம்னு சொன்னதுதான் லாம்டா" என்றாள்.

2014 மார்ச்சில் வெளியான ஜாவாவின் எட்டாம் பதிப்பு இதைச் செய்தது. சொல்பவர் என்பதில் உள்ள 'பவர்' நீங்கி, சொல் என்னும் வினை மட்டும் நின்றது. ஐந்து வரி ஒரு வரியாயிற்று. இடப்பக்கம் உள்ளே வரும் பொருள், நடுவில் ஓர் அம்பு, வலப்பக்கம் அதை வைத்துச் செய்ய வேண்டியது. ஜாவாவில் மாறிகளுக்குத் தமிழிலும் பெயர் வைக்கலாம் என்று அப்போதுதான் அறிந்தேன். எனக்காக அவள் ஒன்றை எழுதிக் காட்டினாள்: மா -> மா.மதிப்பெண். மாணவர் பட்டியலை வரிசைப்படுத்தும் கட்டளையோடு இதைச் சேர்த்துக் கொடுத்தால், ஒவ்வொரு மாணவரிடமும் போய் மதிப்பெண்ணை எடுத்து, அதன்படி பட்டியலை அடுக்கிவிடுகிறது. இந்தச் சிறு துணுக்குக்குப் பெயர் கிடையாது. வேலை முடிந்ததும் அதை யாரும் நினைத்துப் பார்க்கப்போவதும் இல்லை.

லாம்டா என்பது கிரேக்க எழுத்து ஒன்றின் பெயர். 1930களில் அலோன்சோ சர்ச் என்னும் அமெரிக்க அறிஞர், கணிதச் சார்புகளைப் பெயரிடாமலே எழுதுவதற்கு அந்த எழுத்தைக் குறியாகக் கொண்டார். கணிப்பொறிகள் வருவதற்கு முன்பே நடந்த சிந்தனை அது. 1958இல் ஜான் மெக்கார்த்தி வடிவமைக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழி அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. பொருள்நோக்கு மொழிகள் வரிசையாக அந்தக் கதவைத் தட்டியது பிற்பாடு: சி ஷார்ப் 2007இல், சி பிளஸ் பிளஸ் 2011இல், ஜாவா 2014இல்.

எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. ஐந்து வரியில் நான்கை நீக்கிவிட்டால், நீக்கியவை என்ன என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அவள் விளக்கினாள். பொத்தான் தன்னிடம் வரவேண்டிய ஆளுக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. அதற்கு இடைமுகம் என்று பெயர். அந்த வரையறையில் நிரப்பப்படாத செயற்கூறு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒன்றுதான் என்றால் எது என்னும் ஐயம் எழாது. வரப்போவது எந்த வகைப் பொருள் என்பதும் அந்த வரையறையிலேயே உண்டு. ஆகவே எழுதாமல் விட்டதைத் தொகுப்பி தானே நிரப்பிக்கொள்ளும். நிரப்ப வேண்டிய இடம் இரண்டாக இருந்தால் இந்தச் சுருக்கம் செல்லாது.

இதை நாம் தோன்றா எழுவாய் என்று படித்திருக்கிறோம். 'வந்தேன்' என்றால் போதும். வந்தது யார் என்று வினைமுற்றின் விகுதி சொல்லிவிடுகிறது. 'நான்' தேவையில்லை. தொகைகளும் இப்படித்தான். ஊறுகாய் என்னும் வினைத்தொகையில் காலம் காட்டும் உறுப்பு மறைந்திருக்கிறது. கேட்பவர் ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என்று மூன்றையும் மனத்துக்குள் விரித்துக்கொள்கிறார். கேட்பவரால் மீட்டெடுக்க முடிந்ததை மட்டுமே சொல்பவர் மறைக்கலாம் என்பது நம் இலக்கணத்தின் சொல்லாத ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தை ஜாவா தன் பத்தொன்பதாவது வயதில் வந்தடைந்திருக்கிறது என்று சொன்னேன். தமிழாசிரியர்களுக்கு இப்படி ஒரு வரி சொல்லாவிட்டால் தூக்கம் வராது என்பது அவளுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டாள்.

*

அந்த உற்சாகத்தில், நடு இரவு என்பதையும் மறந்து பாடம் நடத்தத் தொடங்கிவிட்டேன்.

அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் தோழிக்கும் பெயரில்லை. பெயரை எடுத்துவிட்டதால் அவள் இன்ன ஊரில் இன்னாருக்குப் பிறந்தவளாக இல்லாமல் போகிறாள். படிக்கிற எவரும் அவள் நின்ற இடத்தில் போய் நிற்கலாம். உங்கள் மாறியில் மதிப்பை இடுவதுபோல நாங்கள் எங்களையே இட்டுக்கொள்கிறோம் என்றேன். நெடுநல்வாடையின் கதையையும் சொன்னேன். பிரிந்த தலைவி அரண்மனையில் வாடுகிறாள். தலைவன் பாசறையில் இருக்கிறான். பாடலின் நெஞ்சம் முழுக்க அகம். ஆனால் வேல் ஒன்றில் வேப்பந்தழை கட்டியிருப்பதாகப் புலவர் சொல்லிவிட்டார். வேம்பு பாண்டியர் அடையாளம். அந்த ஓர் இலையால் தலைவன் இன்னான் என்பது வெளிப்பட்டுவிட்டது என்று கண்டு, நச்சினார்க்கினியர் பாடலைப் புறம் என்று வகுத்தார். பெயர் கூட இல்லை; பெயரின் நிழல் விழுந்ததற்கே திணை மாறியது.

பெயரின்மை ஒரு பெருமை என்றுதான் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவந்திருக்கிறேன். எங்கள் ஊரையும் அதோடு சேர்த்துக்கொள்வேன். மாமல்லபுரத்தில் தருமராச ரதத்தின் மேல் அரசனின் விருதுப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. செதுக்கியவன் பெயர் அங்கே இல்லை. தவப்பாறையில் யானைக் குட்டிகளைச் செதுக்கியவன் கையெழுத்துப் போடவில்லை. 'அவன் பெயரைத் துறந்தான், கல்லை நமக்குத் தந்தான்' என்று முடிப்பேன். மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள்.

அப்படிச் சொல்லும்போதெல்லாம் என் குரலில் ஒரு சிறு பொய் இருந்ததை நான் மட்டும் அறிவேன்.

அப்பா கல் செதுக்கியவர். 1957இல் அரசு மாமல்லபுரத்தில் தொடங்கிய சிற்பப் பள்ளியில் படித்தவர் அல்லர். அது இன்று கல்லூரியாக இருக்கிறது. அப்பா பட்டறை ஒன்றில் பெரியவர் ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, பத்தாண்டுகளில் யாளி முகம் செய்யும் கைகாரர் ஆனார். யாளியின் வாய்க்குள் ஓர் உருண்டை கிடக்கும்; விரலால் தள்ளினால் உருளும், வெளியே எடுக்க வராது. அது தனியே செய்து உள்ளே போட்டதல்ல. வாயைக் குடையும்போதே உள்ளே விடப்பட்ட கல். ஓர் அடி தவறினால் மொத்த யாளியும் பாழ்.

நான் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது சென்னையில் ஒரு கட்டடத்தின் முகப்பில் அப்பா செய்த இரண்டு யாளிகள் நிற்பதாகக் கேள்விப்பட்டு, அவரை அழைத்துக்கொண்டு போனேன். நின்றன. பக்கத்துச் சுவரில் ஒரு பளிங்குப் பலகை. திறந்து வைத்தவர், தலைமை வகித்தவர், பொருளுதவி செய்தவர், கடைசி வரியில் ஒப்பந்தக்காரர். அப்பா பலகையைப் படிக்கவில்லை. யாளியின் வாய்க்குள் விரலை விட்டு உருண்டையைத் தள்ளிப் பார்த்தார். காவலாளி ஓடிவந்து, "பெரியவரே, தொடக் கூடாது" என்றான். அப்பா கையை எடுத்துக்கொண்டு, "சும்மா பார்த்தேம்பா" என்றார்.

திரும்பி வரும் பேருந்தில் கேட்டேன். "உன் பேரு எங்கப்பா?"

"சாமான் போயிடுச்சு. போனது போனதுதான். அதுல பேரு எதுக்கு?"

அதைத் துறவு என்று எடுத்துக்கொண்டேன். வகுப்பில் சொல்லும் பாடத்துக்கு அது வசதியாக இருந்தது.

*

இவ்வளவையும் அவளிடம் சொல்லவில்லை. யாளியைப் பற்றி அவளுக்குத் தெரியும்; பலகையைப் பற்றித் தெரியாது. பாடம் முடிந்ததும், "அப்புறம் ஏண்டி தேடிக்கிட்டிருக்க? பேரில்லாம இருக்கிறதுதான் அழகுன்னு ஆயிடுச்சே" என்றேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னது ஏறக்குறைய இதுதான்.

ஆறு மாதங்களுக்கு முன் அவள் குழுவில் பழைய நிரல்களைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. லாம்டா எழுதினால் நிரல் சுத்தமாக இருக்கும் என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு வாரம் உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் பெயரில்லாததாக மாற்றினாள். ஒரு வரித் துணுக்குகளோடு நிற்கவில்லை. முப்பது வரி நீளமுள்ள கணக்கு ஒன்றையும் பெயரை நீக்கி நடுவில் செருகினாள். அதே கணக்கு இன்னும் இரண்டு இடங்களில் தேவைப்பட்டது. பெயர் இல்லாததால் கூப்பிட முடியவில்லை. ஆகவே மூன்று இடங்களில் மூன்று படிகள். பிறகு ஒருவர் ஒரு படியை மட்டும் திருத்தினார். மற்ற இரண்டும் பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருந்தன. இன்று இரவு நிரல் விழுந்துவிட்டது.

நிரல் விழும்போது ஜாவா ஒரு பட்டியலைக் காட்டுமாம். விழுந்தது யார், அவரை அழைத்தவர் யார், அந்த அழைத்தவரை அழைத்தவர் யார் என்று செயற்கூறுகளின் பெயர்கள் மேலிருந்து கீழாக வரும். பெயர் உள்ளவை பெயரோடு நிற்கின்றன. பெயரில்லாதவற்றுக்குத் தொகுப்பி தானாக ஓர் அடையாளம் இட்டிருக்கிறது: லாம்டா, பிறகு ஓர் எண்.

"வரி எண் வரும் சித்தி. ஆனா அந்த ஒரு வரியிலேயே மூணு லாம்டாவைக் கோத்து வச்சிருக்கேன். எது விழுந்ததுன்னு நான்தான் ஒவ்வொன்னாப் பிரிச்சுப் பார்க்கணும்."

"அப்ப எதுக்குப் பேரு வைக்கணும், எதுக்கு வேணாம்?"

"அங்கேயே பொறந்து, அங்கேயே ஒரு வேலையைச் செஞ்சு, முடிஞ்சு போறதுக்கு வேணாம். திரும்பக் கூப்பிட வேண்டியதுக்கு வேணும். விழுந்தா தேடி வரவேண்டியதுக்கும் வேணும்." பிறகு, "ஏற்கெனவே பேரு இருந்தா இன்னும் லேசு. லாம்டாகூட எழுத வேணாம். ரெண்டு முக்காற்புள்ளி வச்சு 'அதோ அது'ன்னு காட்டிட்டுப் போயிடலாம்" என்றாள்.

பெயரில்லாததைச் சுருக்கி எழுதுவதற்கு ஒரு வழி. பெயர் உள்ளதைச் சுட்டிக் காட்டுவதற்கு அதைவிடச் சுருக்கமான வழி. அவள் முப்பது வரியையும் வெளியே எடுத்து, தனிச் செயற்கூறாக்கி, பெயர் வைத்து, மூன்று இடங்களிலிருந்தும் அதைச் சுட்டினாள். அது முடிய இரண்டரை மணி ஆயிற்று.

எனக்குத் தூக்கம் வரவில்லை. தொகுப்பி இடும் எண்ணையே நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் தெரியாத புலவர்களின் பாடல்கள் கையில் கிடைத்தபோது, சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? எண் இட்டு விட்டுவிடவில்லை. பாடலுக்குள் இறங்கி, அதன் உயிரான ஒரு தொடரை எடுத்துப் புலவருக்கே பெயராகச் சூட்டினார்கள். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், தேய்புரிப் பழங்கயிற்றினார். தலைவிக்குப் பெயர் வேண்டாம் என்று விதி வைத்திருந்த அதே மரபு, அவளைப் பாடியவரைப் பெயரில்லாமல் விட மனம் கொள்ளவில்லை. இந்த வேறுபாட்டைப் பதினெட்டு ஆண்டுகள் நான் கவனிக்கவில்லை. பாடலுக்குள் இருப்பவளை யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. பாடியவரைத் தேடிப் போக வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, சிற்பியின் பெயரின்மையை அகத்தலைவியின் பெயரின்மையோடு சேர்த்து வைத்துப் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

அந்தப் பளிங்குப் பலகை அப்போது வேறு மாதிரியாகத் தெரிந்தது. அதில் ஒப்பந்தக்காரர் பெயர் இருந்தது. அடுத்த கட்டடம் கட்ட நினைத்தவர்கள் அதைப் படித்துவிட்டு அவரைக் கூப்பிட்டிருப்பார்கள். யாளியைப் பார்த்து மயங்கியவர் ஒருவர் இருந்திருந்தாலும் அவரால் அப்பாவைக் கூப்பிட்டிருக்க முடியாது. அப்பா கடைசி வரை நாட்கூலிக்குத்தான் செதுக்கினார். பெயர் என்பது புகழுக்கு என்றே நினைத்திருந்தேன். அது மறுபடி வேலை கிடைப்பதற்கும்தான்.

*

காலையில் திருக்கழுக்குன்றம் தாண்டி, மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் பூஞ்சேரியில் இறங்கிக்கொண்டோம். சென்னையிலிருந்து மென்பொருள் நிறுவனங்களையெல்லாம் இருபுறமும் தாங்கிக்கொண்டு வரும் பழைய மாமல்லபுரம் சாலை வந்து முடிவது இந்தப் பூஞ்சேரியில்தான். இங்கே ஒரு பாறையில் பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், சாதமுக்கியன், கொல்லன் ஸேமகன் என்று இன்னும் சிலர். மாமல்லபுரத்தில் வேலை செய்த தச்சர்கள், கல் வேலைக்காரர்கள் இவர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ரதங்களின் மேல் இடம் பெறாத பெயர்கள் இங்கே, ஊருக்கு வெளியே கிடக்கின்றன.

அவள் குனிந்து தேய்ந்த கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். "கொல்லன் எதுக்கு சித்தி சிற்பிங்களோட?" என்றாள். உளி மழுங்கினால் காய்ச்சி அடித்துக் கொடுக்கக் கொல்லன் வேண்டாமா என்றேன். கருங்கல்லில் உளி எவ்வளவு நேரம் தாங்கும்? அவன் இல்லாவிட்டால் எல்லோர் கையும் நின்றுபோகும்.

வீட்டில் அம்மா படையலுக்கு இலை போட்டிருந்தாள். அப்பாவின் படத்துக்கு முன்னால், ஒவ்வோர் ஆண்டும் செய்வதுபோல, அவருடைய உளிகளைத் துடைத்து வரிசையாக வைத்திருந்தாள். பதினோரு உளிகள். சிறு வயதிலிருந்து பார்த்தவைதாம். அன்றுதான் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றின் தண்டிலும் மூன்று கீறல்கள், அவற்றின் குறுக்கே ஒன்று.

"இது என்னம்மா?"

"உங்கப்பா போட்ட அடையாளம்டி. உலைக்குப் போனா பத்துப் பேரு உளியும் ஒன்னாக் கிடக்கும். எது யாருதுன்னு தெரிய வேணாமா? சாயங்காலம் திரும்பி வரணுமில்ல."

போனது போனதுதான், அதில் பெயர் எதற்கு என்று பேருந்தில் சொன்னவர், திரும்பி வர வேண்டியவற்றின் மேல் தவறாமல் பெயரிட்டிருக்கிறார். பதினோரு தடவை. அவர் சொன்னது துறவு அல்ல, ஒரு தொழிலாளியின் கணக்கு. யாளிகள் திரும்பி வாரா என்று அவருக்குத் தெரியும். அவற்றைத் தேடிக்கொண்டு யாராவது தன்னிடம் வருவார்கள் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததா என்று கேட்க இப்போது வழியில்லை. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்கு ஒரு பெயர் வந்து சேர்ந்தது. நல்லதுதான். ஊரைத் தேடி வருகிறவர்கள் இனி வழி தவறமாட்டார்கள்.

இந்த ஆண்டு குறுந்தொகை நடத்தும்போது பாடத்தைச் சற்று மாற்றிக்கொண்டேன். அகத்தின் பெயரின்மையை முன்பு போலவே சொல்கிறேன். அதன் அழகு குறையவில்லை. ஆனால் சிற்பியைப் பற்றிய அந்த முடிவு வரியை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, பெயர் தெரியாத புலவர்களுக்குத் தொகுத்தவர்கள் பெயர் தேடிய கதையையும், பூஞ்சேரிப் பாறையையும் சொல்கிறேன். வகுப்பில் கல்பட்டறை வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் இப்போது நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தோற்றமாகவும் இருக்கலாம்.

படையல் முடிந்து கிளம்பும்போது அவள் உளிகளின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"சித்தி, நான் ஒன்னு எடுத்துக்கவா? ஆபீஸ்ல மேசை மேல வச்சுக்கறேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா இருப்பதிலேயே சிறியதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து, முந்தானையால் மறுபடி துடைத்து, அவள் கையில் கொடுத்தாள்.

"எடுத்துக்கோ. அடுத்த வருஷம் படையலுக்குக் கொண்டாந்துடணும்."